எக்ஸ்பான்ஷனுக்கு காசு குடுக்கலாமா? ப்ளட் அண்ட் வைன், ஃபேன்டம் லிபர்ட்டி, எர்ட்ட்ரீ மூணுல எது முதல்ல

அக்கா பையன் போன மாசம் போன் பண்ணான். கோயம்புத்தூர்ல காலேஜ் கடைசி வருஷம், இன்டெர்ன்ஷிப்ல முதல் ஸ்டைபண்ட் வந்திருக்கு, வீட்டுக்கு குடுத்தது போக கொஞ்சம் தனக்குன்னு எடுத்து வச்சிருக்கான். "மாமா, என்கிட்ட விட்சர் 3 இருக்கு, சைபர்பங்க் இருக்கு, எல்டன் ரிங் இருக்கு, எல்லாம் சேல்ல வாங்கினது, மூணுக்குமே எக்ஸ்பான்ஷன் வந்திருக்கு, ஒண்ணு தான் வாங்க முடியும், எதை வாங்கட்டும்? இல்ல அந்த காசுக்கு புதுசா ஒரு கேமே வாங்கிடலாமா?"ன்னு கேட்டான். (எக்ஸ்பான்ஷன்னா ஏற்கனவே இருக்கிற கேமுக்கு மேல தனியா வாங்கி சேத்துக்கிற கூடுதல் பகுதி, அந்த முதல் கேமை பேஸ் கேம்னு சொல்வாங்க.)

நான் யோசிக்காம ப்ளட் அண்ட் வைன்னு சொல்லிட்டேன். போனை வச்சதுக்கப்புறம் தான் உறுத்துச்சு, ஏன்னா அவன் விட்சர்ல எங்க நிக்கிறான்னு நான் கேக்கவே இல்ல. மறுபடி கூப்ட்டு கேட்டா ஆரம்பத்துல வர்ற வெலன்ங்கிற ஏரியாலயே பன்னெண்டு மணி நேரம் ஆடிட்டு விட்டுட்டானாம். அப்ப அந்த பதில் அவனுக்கு தப்பான பதில். இதை ரெண்டு மூணு நாள் மண்டைக்குள்ள போட்டு உருட்டினதுல தோணினதை தான் இங்க எழுதறேன், இதே குழப்பத்துல இருக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க.

விலைய டாலர்லயே சொல்றேன். நம்ம ரூபாய் விலை ஸ்டோருக்கு ஸ்டோர், கேமுக்கு கேம் மாறிட்டே இருக்கும், வெளியான விலைய டாலர்ல வச்சா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட சுலபம். விட்சருக்கு வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் 10 டாலர், ப்ளட் அண்ட் வைன் 20, சைபர்பங்க்குக்கு வந்த ஃபேன்டம் லிபர்ட்டி 30, எல்டன் ரிங்குக்கு வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ 40. இந்த வரிசைய பாத்தா யாருக்கும் முதல்ல தோணுறது "ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ ஆகுது"ங்கிற கணக்கு தான். விட்சர் பண்ண சிடி ப்ராஜெக்ட் ரெட்டே ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் சுமார் 10 மணி நேரம், ப்ளட் அண்ட் வைன் சுமார் 20 மணி நேரம்னு சொல்லி தான் வித்தாங்க, அதாவது மணிக்கு ஒரு டாலர், சினிமா டிக்கெட்டை விட சல்லிசு.

ஆனா இந்த கணக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல. எர்ட்ட்ரீ நான் ஆடினது 45 மணி நேரத்துக்கு மேல, அதுல மெஸ்மர்ங்கிற ஒரே பாஸ்கிட்ட (பெரிய எதிரிகிட்ட) செத்து செத்து எழுந்ததே ரெண்டு சாயங்காலம் போயிடுச்சு, அந்த நேரத்தையும் "காசுக்கு கிடைச்ச நேரம்"னு சேக்கறதா கழிக்கறதா? எனக்கு அது பிடிக்கும், சேப்பேன், இன்னொருத்தர் கன்ட்ரோலரை தூக்கி எறிஞ்சிட்டு போயிருப்பார். மறுபக்கம் தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸுக்கு 2014 பிப்ரவரில வந்த லெஃப்ட் பிஹைண்ட் மொத்தமே ரெண்டு மூணு மணி நேரம் தான், விலை 15 டாலர், மணிக்கணக்கு பாத்தா படுநஷ்டம். ஆனா கேமோட நாயகி எல்லியும் அவ ஃப்ரெண்ட் ரைலியும் ஆளில்லாத அந்த மால்ல சுத்துற காட்சிகளை பாத்தவங்க யாரும் காசு போச்சேன்னு சொல்லி நான் கேட்டதில்ல, மெயின் கேம்ல எல்லி ஏன் அப்படி இருக்கான்னு அதுக்கப்புறம் தான் முழுசா புரியும். மணி நேரத்தை நீட்றது கம்பெனிக்கு கஷ்டமே இல்ல, மேப்ல நூறு கேள்விக்குறி போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு பெட்டி வச்சா நாப்பது மணி நேரம் ஆயிடும்.

அதனால நான் அவன்கிட்ட கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இது தான். பேஸ் கேமை முடிச்சியா, முடிச்சப்போ இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமேன்னு ஏக்கமா இருந்துச்சா? இதுக்கு ஆமான்னு பதில் வந்தா 40 டாலர் கூட அதிகமில்ல, இல்லன்னா 10 டாலரும் தண்டம். சேல்ல கம்மியா கிடைக்குதேன்னு எக்ஸ்பான்ஷனையும் சேத்து வாங்கி, பேஸ் கேமை பாதிலயே விட்டுட்டு, அது லைப்ரரில தூங்கிட்டு இருக்கிறது எத்தனை பேர் வீட்டு கதை.

இப்ப மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கலாம்.

விட்சர் 3 வந்தது 2015 மே. ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் அதே வருஷம் அக்டோபர்ல, ப்ளட் அண்ட் வைன் 2016 மே 31. நடுவுல 16 குட்டி டிஎல்சிய (டவுன்லோட் பண்ணி சேத்துக்கிற கூடுதல் சமாச்சாரம்), புது டிரஸ், புது மிஷன்னு, ஓசிலயே குடுத்தாங்க, அதுவே அப்ப ஒரு பெரிய விஷயம். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்ல புது நிலம் அவ்வளவா கிடையாது, பழைய மேப்போட ஒரு மூலையை கொஞ்சம் பெருசாக்கினது தான், ஆனா கதை இருக்கு பாருங்க, ஓல்கியர்டுன்னு ஒரு ஆளு, கான்டர் ஓடிம்னு ஒரு கண்ணாடி வியாபாரி, ஒரு கல்யாண வீட்ல நம்ம ஹீரோ கெரால்ட் உடம்புக்குள்ள ஒரு செத்தவனோட ஆவி பூந்து ஒரு ராத்திரி முழுக்க கூத்தடிக்கிற மிஷன் ஒண்ணு வரும், சாதாரணமா கல்லு மாதிரி நிக்கிற கெரால்ட் ஆடிப்பாடி சிரிக்கிறதை பாத்துட்டு நான் அன்னிக்கு தூங்கவே லேட்டாச்சு. கதைன்னு மட்டும் பாத்தா மெயின் கேம்ல எதுவுமே இதுக்கு கிட்ட வராதுன்னு நான் இன்னிக்கும் சொல்வேன். ப்ளட் அண்ட் வைன் வேற மாதிரி. டூசான்ங்கிற முழுசா ஒரு புது நாடு, வெயிலும் திராட்சை தோட்டமுமா, கெரால்டுக்குன்னு சொந்தமா ஒரு வீடும் தோட்டமும் குடுப்பாங்க, அத்தனை வருஷம் குதிரை மேலயே வாழ்ந்த ஆளு முதல் தடவையா ஒரு வீட்டை ரிப்பேர் பண்றதை பாக்கறப்போ மனசு நிறைஞ்சிடும். 2016 கேம் அவார்ட்ஸ்ல பெஸ்ட் ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) விருதை இந்த 20 டாலர் எக்ஸ்பான்ஷன் தான் வாங்குச்சு, முழு விலைக்கு வந்த கேம்களையெல்லாம் தள்ளிட்டு.

ஏன் எக்ஸ்பான்ஷன் சில சமயம் பேஸ் கேமை விட நல்லா வருதுன்னா, டீம்க்கு அப்ப எல்லா ஆயுதமும் கையில இருக்கு. சண்டை எப்படி இருக்கணும், மேப் எப்படி ஓடணும், எது ஜனங்களுக்கு பிடிச்சுது, எதை திட்டினாங்க, எல்லாம் தெரிஞ்சாச்சு. முதல் கேம்ல மூணு வருஷம் அடுப்பு கட்றதுலயே போயிடும், எக்ஸ்பான்ஷன்ல சமையல் மட்டும் தான்.

இதுக்கு ஃபேன்டம் லிபர்ட்டிய விட பெரிய உதாரணம் இல்ல. சைபர்பங்க் 2020 டிசம்பர்ல வந்தப்போ எவ்ளோ கோளாறோட வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், பிளேஸ்டேஷன் ஸ்டோர்ல இருந்தே சில மாசம் தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மூணு வருஷம் உக்காந்து சரி பண்ணி 2023 செப்டம்பர் 26-ல இந்த எக்ஸ்பான்ஷன் வந்துச்சு. டாக்டவுன்னு ஒரு புது ஏரியா, உளவாளி கதை, இட்ரிஸ் எல்பா நடிச்ச சாலமன் ரீட், சாங்பேர்டுங்கிற ஒரு பொண்ணு, இவங்க ரெண்டு பேர்ல யாரை நம்பறதுன்னு முடிவெடுக்கிற இடத்துல நான் கேமை நிறுத்தி வச்சிட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். மெயின் கதைக்கே புதுசா ஒரு முடிவும் இதுல சேருது.

ஆனா இங்க ஒரு முக்கியமான விஷயம், நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. திறமைகளை ஏத்திக்கிற ஸ்கில் ட்ரீ மொத்தமா மாறினது, போலீஸ் துரத்தறது ஒழுங்கானது, கார்ல போயிட்டே சுடறது, இதெல்லாம் 2.0 அப்டேட், அது செப்டம்பர் 21-லயே பேஸ் கேம் வச்சிருக்கிற எல்லாருக்கும் இலவசமா வந்துடுச்சு. 30 டாலர் குடுக்கிறது டாக்டவுனுக்கும் அந்த கதைக்கும் அதோட வர்ற ரெலிக் திறமைகளுக்கும் தான். "கேம் இப்ப நல்லா ஆயிடுச்சாமே, எக்ஸ்பான்ஷன் வாங்கினா தான் அது கிடைக்குமா"ன்னு என் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார், வேண்டாம் சார், முதல்ல இருக்கிறதை அப்டேட் பண்ணி பத்து மணி நேரம் ஆடுங்க, கேம் நடக்கிற அந்த நைட் சிட்டி உங்களுக்கு பிடிக்குதான்னு பாருங்கன்னேன். எந்த எக்ஸ்பான்ஷனா இருந்தாலும் இதை பாருங்க, கூடவே இலவசமா வர்ற அப்டேட்ல என்ன இருக்கு, காசு குடுத்தா மட்டும் என்ன கிடைக்குதுன்னு பிரிச்சு பாத்தா பாதி ஆசை அங்கயே அடங்கிடும். இன்னொண்ணு, பிஎஸ்4-லயும் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்லயும் ஃபேன்டம் லிபர்ட்டி கிடையவே கிடையாது. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டும் இதே கதை தான், கேம் பிஎஸ்4-ல ஓடும், 2023-ல வந்த பர்னிங் ஷோர்ஸ் எக்ஸ்பான்ஷன் பிஎஸ்4-ல கிடையாது.

எல்டன் ரிங் 2022 பிப்ரவரி, எர்ட்ட்ரீ 2024 ஜூன் 21. 40 டாலர்ங்கிறது பேஸ் கேமோட 60 டாலர்ல மூணுல ரெண்டு பங்கு. வந்த மூணு நாள்ல 50 லட்சம் காப்பி போச்சு. மேப் பெருசு, அடுக்கடுக்கா இருக்கும், மலைக்கு அடியில ஒரு குகை, குகைக்கு அடியில ஒரு காடுன்னு எங்கேயோ இறங்கிட்டே இருப்பீங்க, அந்த மேப்பை கோத்திருக்கிற விதம் மெயின் கேமை விடவும் மேலன்னு நினைக்கிறேன். ஆனா கஷ்டம். வந்த புதுசுல ஸ்டீம்ல (பிசி கேம் விக்கிற ஆன்லைன் ஸ்டோர்) ரிவ்யூ எல்லாம் கலந்து கட்டி வந்துச்சு, நிறைய பேர் லெவல் 150, 180-ன்னு போய் நின்னு ரெண்டு அடில செத்தாங்க, ஏன்னா உள்ள போனதும் பழைய லெவலை விட அங்கங்க கிடைக்கிற ஸ்கேடுட்ரீ துண்டுகள் தான் நம்ம பலத்தை ஏத்தும், அதை தேடாம நேரா பாஸ்கிட்ட போனா அடி தான். ஒரு வாரத்துலயே அந்த துண்டுகளோட ஆரம்ப பலனை ஏத்தி ஒரு அப்டேட் விட்டாங்க.

இந்த மூணையும் ஒப்பிடறப்போ விலைய விட, தரத்தை விட, எனக்கு பெரிய வித்தியாசமா தெரியறது வேற ஒண்ணு. எக்ஸ்பான்ஷன் வாசல் எங்க இருக்கு? விட்சர்ல மெயின் மெனுலயே அந்த எக்ஸ்பான்ஷனை மட்டும் தனியா ஆரம்பிக்கிற வசதி இருக்கு, 30-க்கு மேல லெவல் உள்ள கெரால்டை ரெடியா குடுத்துடுவாங்க. சைபர்பங்க்லயும் புது கேம் ஆரம்பிக்கிறப்பவே நேரா ஃபேன்டம் லிபர்ட்டிக்கு தாவற வழி இருக்கு, இல்லன்னா பசிபிகாங்கிற ஏரியால வூடூ பாய்ஸ் கும்பலோட மிஷன் வரைக்கும் போனாலே போன் வந்துடும், அது கதையோட நடுவுல தான். எல்டன் ரிங்ல இந்த ரெண்டும் கிடையாது. ராடான், மோக்னு ரெண்டு பாஸையும் கொல்லணும், அப்புறம் மோக்வின் அரண்மனைல இருக்கிற அந்த கூட்டுல தொங்கற கைய தொட்டா தான் உள்ள போக முடியும். மோக் கதைக்கு கட்டாயமான பாஸ் கூட இல்ல, அவனை பாக்காமலே கேமை முடிச்சவங்க இருக்காங்க, அவங்க 40 டாலர் குடுத்தாலும் முதல்ல மோக்கை தேடி தான் போகணும்.

இதுல காசு சம்பந்தப்பட்ட ஒரு சிக்கலும் ஒளிஞ்சிருக்கு. ஸ்டீம்ல டிஎல்சிக்கு ரீஃபண்ட் உண்டு, வாங்கி 14 நாளுக்குள்ள, வாங்கினதுக்கு அப்புறம் பேஸ் கேமை ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடாம இருந்தா. கவனிங்க, பேஸ் கேம் ஆடற நேரம் தான் கணக்கு. மோக்குக்கு இன்னும் இருபது மணி நேர தூரம் இருக்கிறப்போ எர்ட்ட்ரீய வாங்கி வச்சீங்கன்னா அந்த ரெண்டு மணி நேரம் அன்னிக்கு சாயங்காலமே தீந்துடும், எக்ஸ்பான்ஷனை கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே ரீஃபண்ட் போச்சு. அதனால இந்த மாதிரி வாசல் தூரமா இருக்கிற கேமுக்கு வாசல்ல நின்னுட்டு தான் வாங்கணும், சேலா இருந்தாலும் சரி.

அடுத்து, காத்திருக்கலாமாங்கிற கேள்வி. ப்ளட் அண்ட் வைன் வந்து மூணு மாசத்துல, 2016 ஆகஸ்ட் கடைசில, எல்லாம் சேந்த கேம் ஆஃப் தி இயர் எடிஷன் 50 டாலருக்கு வந்துச்சு, முதல் நாளே கேமுக்கு 60-ம் ரெண்டு எக்ஸ்பான்ஷனையும் முன்கூட்டியே சேத்து வாங்கற எக்ஸ்பான்ஷன் பாஸுக்கு 25-ம் குடுத்தவங்க 85 குடுத்திருந்தாங்க. லெஃப்ட் பிஹைண்டும் அப்படி தான், 15 டாலருக்கு வந்தது அதே வருஷம் ஜூலைல பிஎஸ்4 ரீமாஸ்டர்ட்ல சும்மாவே சேந்து வந்துடுச்சு. அப்ப எப்பவும் காத்திருந்தா லாபம் தானேன்னா, பேஸ் கேம் இன்னும் வாங்காதவங்களுக்கு தான் அது லாபம். ஏற்கனவே பேஸ் கேம் வச்சிருக்கிற என் அக்கா பையன் மாதிரி ஆளுக்கு கம்ப்ளீட் எடிஷன்ல பெருசா ஒண்ணும் இல்ல, வச்சிருக்கிறதையே மறுபடி வாங்கின மாதிரி. அவனுக்கு எக்ஸ்பான்ஷன் மட்டும் தனியா சேல்ல வரணும், பேஸ் கேம் விலை அடிமாட்டு விலைக்கு இறங்கினாலும் எக்ஸ்பான்ஷன் விலை நிறைய கேம்ல அவ்ளோ வேகமா இறங்கறதில்ல, அது கம்பெனிக்கும் தெரியும், பேஸ் கேம் தூண்டில், எக்ஸ்பான்ஷன் தான் மீன் பிடிக்கிறது. சிம்ஸ் 4 பேஸ் கேமை 2022 அக்டோபர்ல இலவசமாவே ஆக்கிட்டாங்க, ஆனா எக்ஸ்பான்ஷன் பேக் ஒவ்வொண்ணும் 40 டாலர், எல்லாத்தையும் முழு விலைக்கு வாங்கினா ஆயிரம் டாலரை தாண்டும். ஃபேக்டோரியோ ஒரு விதிவிலக்கு, அவங்க தள்ளுபடியே குடுக்கிறதில்ல, 2024 அக்டோபர்ல வந்த ஸ்பேஸ் ஏஜ் எக்ஸ்பான்ஷனும் 35 டாலர், பேஸ் கேமும் 35 டாலர், காத்திருந்து ஒரு பிரயோஜனமும் கிடையாது, பிடிச்சா அன்னிக்கே வாங்கிடலாம்.

மல்டிபிளேயர்னா காத்திருக்கிற கணக்கே மாறும். கால் ஆஃப் டியூட்டில முன்னாடி 15 டாலருக்கு மேப் பேக் விப்பாங்க, 2010-ல மாடர்ன் வார்ஃபேர் 2-க்கு அந்த விலைல அஞ்சு மேப், அதுல ரெண்டு பழைய மேப். வாங்கினவங்க ஒரு பக்கம் வாங்காதவங்க ஒரு பக்கம்னு ஃப்ரெண்ட்ஸ் கூட்டமே பிரிஞ்சிடும், லேட்டா வாங்கினா அந்த மேப்ல ஆட ஆளே இருக்காது. இப்ப பெரும்பாலும் அந்த முறை போயிடுச்சு, நல்லதா போச்சு.

சீசன் பாஸ் பத்தி ஒரே வரி தான். என்ன வரப்போகுதுன்னு தெரியாம முன்கூட்டியே குடுக்கிற காசு அது, நான் குடுக்கிறதில்ல. குதிரைக்கு கவசம், துப்பாக்கிக்கு பெயின்ட் மாதிரி அலங்கார சமாச்சாரம் பத்தியும் அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா 2006-ல ஆப்ளிவியன்ல இரண்டரை டாலருக்கு குதிரை கவசம் வித்ததை ஜனங்க இன்னும் மறக்கலை, அதே கேமுக்கு அடுத்த வருஷமே ஷிவரிங் ஐல்ஸ்ன்னு ஒரு முழு உலகத்தை 30 டாலருக்கு குடுத்தாங்க. 30-ஐ யாரும் திட்டலை, இரண்டரையை இருபது வருஷமா திட்டறாங்க.

வாங்கினது கையில நிக்குமாங்கிறதையும் பாருங்க, இது எனக்கு நிஜமாவே கோவம் வர்ற விஷயம். டெஸ்டினி 2-ங்கிற ஆன்லைன் கேம்ல 2020 நவம்பர்ல பழைய கேம்பைன்களை (கதை மிஷன்களை) மொத்தமா கேம்ல இருந்து எடுத்துட்டாங்க, அதுல காசு குடுத்து வாங்கின கர்ஸ் ஆஃப் ஒசிரிஸும் வார்மைண்டும் இருந்துச்சு. 2022 பிப்ரவரில ஃபார்சேக்கன் கேம்பைனும் போச்சு, அது வந்தப்போ 40 டாலர். கேம் சைஸ் பெருசாயிடுச்சு, எல்லாத்தையும் பராமரிக்க முடியலைன்னு காரணம் சொன்னாங்க, காரணம் நியாயமாவே இருக்கட்டும், ஆனா காசு குடுத்தவனுக்கு அது இல்லாம போனது போனது தான். எப்பவும் சர்வர்ல கட்டி ஓடற கேமுக்கு எக்ஸ்பான்ஷன் வாங்கினா அதை அந்த சீசனுக்கு எடுத்த டிக்கெட்னு நினைச்சுக்கிட்டு வாங்குங்க. விட்சரும் சைபர்பங்க்கும் ஜிஓஜிங்கிற ஆன்லைன் ஸ்டோர்ல எந்த பூட்டும் இல்லாம கிடைக்குது, இன்ஸ்டாலரை டவுன்லோட் பண்ணி ஹார்ட் டிஸ்க்ல வச்சா யாரும் வந்து பிடுங்க முடியாது.

கன்சோல்காரங்களுக்கு நான் பட்ட ஒரு பாடு. சில வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு டிஸ்க் வாங்கினேன், வெளிநாட்டு காப்பி, விலை கம்மி, கேம் சூப்பரா ஓடுச்சு, முடிச்சேன், ஆசையா நம்ம ஊர் அக்கவுண்ட்ல எக்ஸ்பான்ஷன் வாங்கி டவுன்லோடும் ஆயிடுச்சு, ஆனா கேமுக்குள்ள அது வரவே இல்ல. டிஸ்க் ஒரு ரீஜன், வாங்கின டிஎல்சி வேற ரீஜன், ரெண்டும் பேசிக்காது. ரீஃபண்டும் கிடைக்கலை. டிஸ்க் கவர்ல இருக்கிற ரீஜன் கோடை பாத்துட்டு வாங்குங்க. அதே மாதிரி பழைய கேம் ஆஃப் தி இயர் டிஸ்க்ல சிலதுல எக்ஸ்பான்ஷன் டிஸ்க்குள்ள இருக்காது, உள்ள ஒரு தாள்ல கோடா இருக்கும், முதல் ஓனர் அதை எப்பவோ போட்டு முடிச்சிருப்பார்.

இப்ப அவன் கேட்ட கடைசி கேள்வி, அந்த காசுக்கு புது கேமே வாங்கிடலாமா. இதுக்கு எதிரா வாதாடறது ரொம்ப கஷ்டம். ஹாலோ நைட் 15 டாலர், அதுக்கு வந்த நாலு கன்டென்ட் பேக்கும் இலவசம். அதுக்கு இன்னொரு டிஎல்சியா ஆரம்பிச்சது தான் சில்க்சாங், வளந்து வளந்து தனி கேமா ஆயிடுச்சுன்னு 2019-ல சொன்னாங்க, 2025 செப்டம்பர்ல 20 டாலருக்கு வந்துச்சு. ஒரு முழு கேம், ப்ளட் அண்ட் வைன் விலைக்கு, எர்ட்ட்ரீ விலைல பாதிக்கு. ஸ்டார்டியூ வேலி 2016-ல வாங்கினவங்களுக்கு 2024-ல 1.6 வரைக்கும் எல்லாம் ஓசி. நோ மேன்ஸ் ஸ்கை அதே 2016, வந்தப்போ அடி வாங்கின கேம், இன்னி வரைக்கும் ஒரு அப்டேட்டுக்கும் காசு கேட்டதில்ல. இதெல்லாம் இருக்கிறப்போ ஏன் ஒருத்தர் 40 டாலர் கேக்கறார்னு தோணத்தான் செய்யும். ஆனா புது கேம்னா புது கன்ட்ரோல், புது விதி, மறுபடி கத்துக்கணும், அது பிடிக்காமலும் போகலாம். எக்ஸ்பான்ஷன்ல பாதி தெரிஞ்சாச்சு, கை பழகியாச்சு, பிடிக்கும்னு தெரிஞ்சே வாங்கறோம். பேஸ் கேமை உயிரா ஆடினவங்களுக்கு எக்ஸ்பான்ஷன், சும்மா பரவால்லன்னு ஆடினவங்களுக்கு புது கேம், நான் இப்படி தான் பிரிப்பேன்.

என் சொந்த கணக்குல நான் குடுத்த காசுலயே அதிகமா திரும்ப வந்தது எதுன்னு யோசிச்சா இந்த மூணும் கூட இல்ல, வெறும் 10 டாலர் எக்ஸ்பான்ஷன் ஒண்ணு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 2022 ஏப்ரல்ல வந்த டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா. அதுவரைக்கும் இந்தியர்கள்னு மொத்தமா ஒரே நாகரிகமா வச்சிருந்ததை பிரிச்சு இந்துஸ்தானிகள்னு பேர் மாத்தி, புதுசா திராவிடர், வங்காளர், கூர்ஜரர்னு மூணு சேத்தாங்க. திராவிடருக்கு திரிசடைன்னு ஒரு கப்பல், உருமி வாள் வீரர்கள், எதிரியோட கவசத்தையே கணக்குல எடுக்காத ஊட்ஸ் எஃகு, ராஜேந்திர சோழனுக்குன்னு அஞ்சு மிஷன்ல தனி கேம்பைன். முதல் தடவை அந்த ஊர்க்காரனை கிளிக் பண்ணி அவன் தமிழ்ல பதில் சொன்னப்போ நான் நிஜமாவே மவுஸ்ல இருந்து கைய எடுத்துட்டேன். ஸ்கூல் படிக்கிறப்போ பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இருபது ரூபா குடுத்து ஆடின கேம், இருபது வருஷம் கழிச்சு நம்ம பாஷைல பேசுது. இந்த எக்ஸ்பான்ஷன் இல்லாதவங்க கூடவும் ஆன்லைன்ல ஆடலாம், அவங்களால திராவிடரை எடுக்க முடியாது அவ்ளோதான், கூட்டம் பிரியாது. இந்த மாதிரி எக்ஸ்பான்ஷனுக்கு முடிவுங்கிறதே இல்ல, கதை எக்ஸ்பான்ஷன் முடிஞ்சா முடிஞ்சது, இது ஆட்டத்துக்குள்ள ஒரு புது காயை சேக்குது, பேஸ் கேமை வாரா வாரம் ஆடறவங்களுக்கு பத்து டாலர் வருஷக்கணக்கா வேலை செய்யும். ஆடாதவங்களுக்கு வேலையே செய்யாது. பாரடாக்ஸ்ங்கிற கம்பெனியோட கேம் ஆடறவங்களுக்கு இது நல்லா தெரியும், யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-க்கு 2013-ல இருந்து எக்ஸ்பான்ஷன் வந்து குவிஞ்சதுல புதுசா வர்றவங்க மலைச்சு போய், 2021-ல மாசம் 5 டாலர் சந்தானு ஒரு வழி திறந்தாங்க. ஒரு மாசம் கட்டி பாத்துட்டு நிறுத்திக்கலாம், அந்த கேமுக்கு அது தான் சரியான வாசல்.

அக்கா பையன்கிட்ட அன்னிக்கு ராத்திரி மறுபடி பேசினேன். விட்சரை வெலன்லயே விட்டவனுக்கு ப்ளட் அண்ட் வைன் வேண்டாம், மெனுல இருந்து நேரா ஆரம்பிக்கலாம் தான், ஆனா கெரால்ட் மேல பாசம் வராம அந்த வீட்ல என்ன இருக்கு. சைபர்பங்க்கை ஒரு வருஷம் முன்னாடி முடிச்சிருக்கான், நல்லா இருந்துச்சு மாமான்னான், மறுபடி ஆடணும்னு தோணுச்சாடான்னா இல்லன்னுட்டான், அப்ப அது சேலுக்கு காத்திருக்கட்டும். எல்டன் ரிங் 70 மணி நேரம் ஆடிருக்கான், தினமும் ராத்திரி அதையே தான் ஆடறான், போன்ல பேசறப்பவே பின்னாடி அந்த மியூசிக் கேக்குது. ராடானை போன வாரம் முடிச்சாச்சாம். அப்ப உன் காசு எர்ட்ட்ரீக்கு தான், ஆனா இன்னிக்கு வாங்காதடா, மோக்கை முடிச்சிட்டு அந்த கூட்டு முன்னாடி நின்னுக்கிட்டு வாங்குன்னேன். நேத்து வரைக்கும் மோக் அவனை முப்பத்தி ஒரு தடவை கொன்னிருக்கான், இன்னிக்கு ராத்திரி முடிச்சிடுவேன் மாமான்னு மெசேஜ் வந்திருக்கு.